டோக்கியோவில் இறங்கி ஒசாகாவில் ஏறுவது: 12 இரவு ஜப்பான் பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானுக்குத் திட்டம் போடுகிறவர்கள் ரயிலைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். அங்கே கவலைப்படத் தேவையே இல்லாத ஒன்று உண்டென்றால் அது ரயில்தான். பயணம் கெடுவது வேறு இரண்டு இடங்களில்: சாப்பாட்டில், மூட்டை முடிச்சில். மதியம் இரண்டரைக்குப் பசியோடு போனால் கடையில் திரை இறங்கியிருக்கும். சைவம் என்று நம்பி வாங்கிய சூப்பில் மீன் இருக்கும். கியோட்டோ பேருந்தில் பெரிய பெட்டியோடு ஏறினால் நாலு பேர் முகம் சுளிப்பார்கள். ஆகவே இந்தத் திட்டம் வழக்கத்துக்குத் தலைகீழாகப் போகிறது. முதலில் எங்கே என்ன சாப்பிடுவது, எந்த இரவு எங்கே தூங்குவது என்று முடிவு செய்கிறோம். கோயிலும் தோட்டமும் அருங்காட்சியகமும் அவற்றைச் சுற்றி அமரும்.

எந்த ஊர்கள், எத்தனை இரவு

முதல் பயணத்துக்கு 12 இரவு நல்ல அளவு. டோக்கியோ 4, கனசாவா 2, கியோட்டோ 3, கோயாசான் 1, ஒசாகா 2. இதற்குமேல் ஊர் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு இடமாற்றமும் அறையைக் காலி செய்வது, ரயில், புது ஊரில் அறைக்காகக் காத்திருப்பது என்று அரை நாளை விழுங்கிவிடும். விடுதிகள் பெரும்பாலும் மாலை 3 மணிக்குத்தான் அறை தருகின்றன, காலை 10 அல்லது 11 மணிக்குக் காலி செய்யச் சொல்கின்றன.

இந்த ஐந்து ஊர்களைத் தேர்ந்ததற்குக் காரணம், ஐந்திலும் சாப்பாடு வேறு வேறு. டோக்கியோவில் எல்லாம் கிடைக்கும். கனசாவா ஜப்பான் கடலோர மீனும் காகா வட்டாரக் காய்களும் சேரும் ஊர். கியோட்டோ டோஃபு, யூபா எனும் சோயாப்பால் ஆடை, மட்ச்சா எனும் பச்சைத் தேயிலைப் பொடி, பல சிறு தட்டுகளாக வரும் கைசெக்கி விருந்து. மலைமேல் உள்ள மடாலய ஊரான கோயாசான் முழுக்க மடத்துச் சைவம். ஒசாகா மாவும் எண்ணெயும் சாஸுமாகத் தெருவோரச் சாப்பாடு.

விமானச் சீட்டை டோக்கியோவில் இறங்கி ஒசாகாவின் கான்சாய் விமான நிலையத்தில் ஏறுவதாக வாங்குங்கள். இரண்டும் ஒரே ஊர் என்று வாங்கிவிட்டால், கடைசி நாளில் திரும்பி டோக்கியோ போக ஆளுக்கு ஏறக்குறைய 14,000 யென் புல்லட் ரயிலுக்குப் போகும், அரை நாளும் போகும். சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியாகப் போகும் நிறுவனங்கள் இரண்டு நகரங்களுக்கும் பறக்கின்றன. 'மல்டி சிட்டி' என்று தேடினால் விலை பெரும்பாலும் சாதாரணச் சீட்டுக்கு அருகிலேயே இருக்கும்.

கிழமைக் கணக்கையும் பாருங்கள். சனிக்கிழமை இரவு ஜப்பான்காரர்களே சுற்றுலா போவதால் சிறிய ஊர்களிலும் கியோட்டோவிலும் விடுதி விலை ஏறும். புதன்கிழமை டோக்கியோவில் இறங்கினால் முதல் சனி டோக்கியோவிலும் இரண்டாவது சனி ஒசாகாவிலும் விழும். இரண்டும் அறைகள் ஏராளமாக உள்ள பெருநகரங்கள். ஞாயிறு கனசாவா, செவ்வாய் முதல் வியாழன் வரை கியோட்டோ, வெள்ளி கோயாசான், சனி ஒசாகா, திங்கள் விமானம். அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமை மூடியிருக்கும். திங்கள் பொது விடுமுறையானால் அன்று திறந்து செவ்வாய் மூடுவார்கள். கனசாவாவின் 21ஆம் நூற்றாண்டு நவீனக் கலை அருங்காட்சியகமும் அப்படித்தான், அதனால் அதை ஞாயிறு மாலையே பார்த்துவிட வேண்டும்.

எந்த மாதம்

செர்ரிப் பூ டோக்கியோவிலும் கியோட்டோவிலும் மார்ச் கடைசி வாரம் முதல் ஏப்ரல் முதல் வாரம் வரை. கியோட்டோவில் இலை சிவப்பது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை. இரண்டு நேரத்திலும் கூட்டமும் விலையும் உச்சத்தில். சாப்பாட்டுக்காகப் போகிறவர்களுக்கு நவம்பர் இரண்டாம் வாரம்தான் எங்கள் தேர்வு. கனசாவா கடலில் பனி நண்டுப் பருவம் நவம்பர் 6இல் தொடங்குகிறது. சினையோடு வரும் சிறிய பெண் நண்டு டிசம்பர் இறுதியோடு நின்றுவிடும். அப்போது வெயிலும் இல்லை, கடுங்குளிரும் இல்லை.

தவிர்க்க வேண்டியவை: ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான கோல்டன் வீக் விடுமுறை, முன்னோரை நினைத்து ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன், புத்தாண்டையொட்டிய டிசம்பர் 29 முதல் ஜனவரி 3. புத்தாண்டில் கூட்டத்தைவிட மோசம், பல சிறிய உணவகங்கள் மூடியே கிடக்கும். ஜூன் முதல் ஜூலை நடுவரை மழைக்காலம். அதன்பின் செப்டம்பர் வரை சென்னைப் புழுக்கத்துக்குக் குறையாத புழுக்கம், கூடவே புயல். குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் பள்ளி விடுமுறையான மே மாதம்தான் வாய்க்கும் என்றால் மே 7க்குப் பிறகு போங்கள். நல்ல மாதம்தான்.

முன்பதிவுகளின் வரிசை

இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எது முதலில், எது பிறகு என்பது முக்கியம்.

ஐந்தாறு மாதம் முன்: விமானச் சீட்டு. உடனே விடுதிகள், கட்டணமில்லாமல் ரத்துசெய்யக்கூடியவையாக. கோயாசான் மடத்து அறையையும் கியோட்டோவையும் முதலில் பிடியுங்கள், டோக்கியோவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கியோட்டோ நகராட்சி தங்கும் வரியை 2026 மார்ச்சிலிருந்து உயர்த்தியிருக்கிறது. அறை விலையைப் பொறுத்து ஆளுக்கு ஓர் இரவுக்கு 200 யென்னிலிருந்து 10,000 யென் வரை. நடுத்தர விடுதிக்குச் சில நூறு யென்தான், ஆனால் பல தளங்கள் காட்டும் விலையில் இது சேராது.

இரண்டு மாதம் முன்: விசா. இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஒருமுறை நுழையும் சுற்றுலா விசா இப்போது மின்விசாவாக வருகிறது. விண்ணப்பம் விஎஃப்எஸ் மையத்தின் வழியே. விசாவின் ஆயுள் 3 மாதம் என்பதால் மிக முன்னதாக எடுத்துவிடாதீர்கள். எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த விடுதி என்ற பயணநிரல் கேட்பார்கள். விடுதிகளை முன்பே பிடிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே ஒரு பொறி உண்டு: மின்விசாவை விமான நிலையத்தில் இணையத்தோடு கைபேசியில் திறந்து காட்ட வேண்டும். அச்சுப்படியும் திரைப்பிடிப்பும் ஏற்கமாட்டார்கள். கிளம்பும் முன்னரே இ-சிம் போட்டுக்கொள்ளுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் விசா வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் மின்கடவுச்சீட்டு வைத்திருக்கும் மலேசியர்களுக்கும் குறுகிய சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை.

ஒரு மாதம் முன்: ரயில் இருக்கைகள். பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன் ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும், அதாவது நம் நேரம் காலை 6.30. டோக்கியோவின் ஜிப்ளி அனிமேஷன் அருங்காட்சியகம் போக விரும்பினால், ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி அதே நேரத்தில் அடுத்த மாதச் சீட்டுகள் வருகின்றன. வார இறுதிச் சீட்டுகள் வேகமாகத் தீர்ந்துவிடும். சுமோ போட்டி டோக்கியோவில் ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் 15 நாள் நடக்கிறது; மார்ச்சில் ஒசாகா, ஜூலையில் நகோயா, நவம்பரில் ஃபுகுவோகா. உங்கள் தேதியில் ஒன்று விழுந்தால் விடாதீர்கள். காலையிலேயே இளையவர்கள் மோதத் தொடங்கிவிடுவார்கள், பிற்பகல் இரண்டரைக்குப் போனாலே பார்க்க வேண்டியதெல்லாம் பார்க்கலாம்.

கைசெக்கி விருந்து, மடத்துச் சைவ விருந்து ஆகியவற்றையும் இதே மாதத்தில் பதியுங்கள். இரவு கைசெக்கி ஆளுக்கு 15,000 யென்னுக்கு மேல் போகும். அதே கடைகளில் பல மதியத்தில் 5,000 முதல் 8,000 யென்னுக்குச் சுருக்கமான விருந்து தருகின்றன. சமையல்காரர் அதேதான், ஆகவே மதியத்துக்கே போங்கள். வராமல் விட்டால் முழுத்தொகையும் கடனட்டையில் பிடிப்பார்கள். அதில் சமாதானமெல்லாம் எடுபடாது.

இரண்டு வாரம் முன்: 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் குடிநுழைவு, சுங்க விவரங்களைப் பதிந்து கியூஆர் குறியீடு எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துகளைச் சரிபாருங்கள். மருத்துவர் எழுதிய மருந்து ஒரு மாத அளவுக்குள், கடையில் நேராக வாங்கும் மருந்து இரண்டு மாத அளவுக்குள் கொண்டுபோகலாம். அதற்கு மேலென்றால் முன் அனுமதி வேண்டும். சூடோஎபிட்ரின், கோடீன் கலந்த சளி, இருமல் மருந்துகளுக்கு அங்கே கட்டுப்பாடு கடுமை. தவிர்த்துவிடுவது நல்லது. கறிவேப்பிலை, பச்சை மிளகாய், பழம், இறைச்சி ஊறுகாய் எதுவும் பெட்டியில் வேண்டாம்.

ரயில் அட்டை வாங்கலாமா?

ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயில்களில் நாடு முழுதும் செல்லும் 7 நாள் ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது. பழைய பதிவுகளையும் காணொளிகளையும் பார்த்து 'வாங்கினால் லாபம்' என்று நம்பிப் பலர் இன்னும் வாங்குகிறார்கள். நம் பாதைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: டோக்கியோ–கனசாவா சுமார் 14,000, கனசாவா–கியோட்டோ சுமார் 8,000, கியோட்டோ–ஒசாகா 580. மொத்தம் 23,000கூட வராது. பாஸ் வேண்டாம்.

'ஹொக்குரிகு ஆர்ச் பாஸ்' என்று ஒன்று உண்டு. டோக்கியோவிலிருந்து கனசாவா வழியாகக் கியோட்டோ, ஒசாகா வரை 7 நாள் செல்லும். நாரிதா, கான்சாய் விமான நிலைய ரயில்களும் இதில் சேரும். ஆனால் நம் திட்டம் 12 இரவு என்பதால் இரண்டு முனையும் ஏழு நாளுக்குள் அடங்காது. 7 நாளில் இதே பாதையை ஓடி முடிப்பவர்களுக்கே இது பொருந்தும்.

டோக்கியோவிலிருந்து கனசாவாவுக்கு ககாயாக்கி புல்லட் ரயிலில் இரண்டரை மணி நேரம். எல்லாம் பதிவு இருக்கைகள். கனசாவாவிலிருந்து கியோட்டோ போகும் வழி 2024 மார்ச்சில் மாறிவிட்டது. அதற்கு முன் ஒரே ரயில் போனது. இப்போது சுருகா வரை புல்லட் ரயில், அங்கே இறங்கி தண்டர்பேர்ட் விரைவு ரயில். மாறுவது ஒரே நிலையத்தின் மேல்தளத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு. அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய பத்து நிமிடம். கூட்டத்தோடு நடந்தால் போதும், ஆனால் கழிப்பறை, காபி எல்லாம் ரயிலில் ஏறிய பிறகு. இரண்டு ரயிலுக்குமான சீட்டைச் சேர்த்தே வாங்குங்கள். தண்டர்பேர்டிலும் எல்லாம் பதிவு இருக்கைகளே.

டோக்கியோ–கியோட்டோ ரயிலுக்குப் பயன்படும் ஸ்மார்ட்இஎக்ஸ் செயலியில் கனசாவா ரயில் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஜேஆர் கிழக்கு, ஜேஆர் மேற்கு நிறுவனங்களின் பதிவுத் தளங்களில் எடுக்க வேண்டும்.

நகரத்துக்குள் சுயிக்கா, பஸ்மோ, இக்கோக்கா போன்ற தட்டு அட்டைகளில் எது இருந்தாலும் எல்லா ஊரிலும் செல்லும். ஆனால் ஒரே பயணத்தில் வட்டாரம் தாண்ட முடியாது. டோக்கியோவில் தட்டி உள்ளே போய்க் கியோட்டோவில் தட்டி வெளியே வர முயன்றால் கதவு திறக்காது. ஐபோனில் சுயிக்கா போட்டுக்கொள்ளலாம். நம்மூர் கடனட்டையால் பணம் ஏற்ற முடியாமல் போனால் செவன்-இலெவன் கடைக் கல்லாவில் ரொக்கமாக ஏற்றிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வாங்கிய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இது பெரும்பாலும் ஓடாது. விமான நிலையத்திலேயே அட்டை வாங்குங்கள்.

பெட்டியைத் தனியே அனுப்புங்கள்

தக்யூபின் எனப்படும் வீட்டுக்கு வீடு பெட்டிச் சேவைதான் ஜப்பான் பயணத்தின் பெரிய வசதி. கறுப்புப் பூனைச் சின்னம் போட்ட யமாட்டோ நிறுவனம் முதன்மையானது. விடுதி வரவேற்பில் படிவம் நிரப்பிக் கொடுத்தால் போதும். அளவையும் தூரத்தையும் பொறுத்து ஒரு பெட்டிக்கு 2,000 முதல் 3,500 யென். அடுத்த நாள் போய்ச் சேரும், தேதி குறிப்பிட்டும் அனுப்பலாம்.

நம் பாதையில் இப்படி: சனிக்கிழமை டோக்கியோ விடுதியிலிருந்து பெரிய பெட்டியைக் கியோட்டோ விடுதிக்கு, செவ்வாய் சேரும்படி அனுப்பிவிட்டு, இரண்டு இரவுக்கான தோள்பையோடு கனசாவா போங்கள். வியாழன் மாலை கியோட்டோவிலிருந்து ஒசாகா விடுதிக்கு, சனிக்கிழமை சேரும்படி. கோயாசானுக்கும் தோள்பை மட்டும். அன்றைய வண்டிக்கான நேரம் பல விடுதிகளில் காலையிலேயே முடிந்துவிடும், அதனால் முதல்நாள் இரவே படிவத்தை நிரப்பி வையுங்கள். சேரும் விடுதியின் பெயர், முன்பதிவு செய்தவர் பெயர், நுழையும் தேதி மூன்றும் படிவத்தில் இருக்க வேண்டும். பதிவில் இருக்கும் பெயரும் படிவத்துப் பெயரும் வேறாக இருந்தால் விடுதியில் பெட்டியை வாங்கத் தயங்குவார்கள். இனிஷியல் போட்டு எழுதும் நமக்கு இது அடிக்கடி வரும் சிக்கல்.

பெட்டியை உடன் எடுத்துப்போகத்தான் வேண்டுமென்றால், டோக்கியோ–கியோட்டோ–ஹிரோஷிமா தடத்தில் நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செமீ தாண்டும் பெட்டிக்கு அதற்கான இருக்கையை முன்பே பதிய வேண்டும், கட்டணம் இல்லை. பதியாமல் ஏறினால் 1,000 யென்.

சாப்பாடு: சைவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி

ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி எனும் சாறு. கட்சுவோ என்ற சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டையாகக் காயவைத்துச் சீவுகிறார்கள். நம்மூர் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அந்தச் சீவலைக் கொம்பு கடற்பாசியோடு கொதிநீரில் ஊறவைத்து எடுத்ததுதான் வழக்கமான தாஷி. மிசோ எனும் சோயா விழுதில் வைத்த சூப், உடோன், சோபா நூடுல்ஸின் சாறும் தொட்டுக்கொள்ளும் சாறும், சுருட்டிய முட்டை, வேகவைத்த காய், இனாரி சூஷியின் டோஃபுப் பை, ஒக்கோனோமியாக்கி எனும் முட்டைக்கோஸ் அடையின் மாவு என்று எல்லாவற்றிலும் அது உண்டு. கண்ணுக்கு மீன் தெரியாது. பரிமாறுகிறவரும் 'இதில் மீன் இல்லை' என்றே மனதாரச் சொல்வார், ஏனென்றால் அவர் கணக்கில் தாஷி மீன் அல்ல, அது சுவை.

அதனால் 'வெஜிடேரியன்' என்று சொன்னால் போதாது. 'நிகு மோ சகானா மோ தபேமாசென், கட்சுவோ தாஷி மோ தமே தெஸு' என்று சொல்லுங்கள்: இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன், மீன் தாஷியும் ஆகாது. இதையே ஜப்பானிய எழுத்தில் அச்சடித்து ஓர் அட்டையாக வைத்துக்கொண்டு, உட்காருவதற்கு முன் காட்டுங்கள். உட்கார்ந்து தண்ணீர் வந்தபின் எழுந்து போவது இரு தரப்புக்கும் சங்கடம். தாஷியை அனுமதித்துக்கொள்வதா வேண்டாமா என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். அனுமதித்தால் பத்துக் கடையில் ஏழெட்டில் ஏதாவது சாப்பிடலாம், இல்லையென்றால் ஒவ்வொரு வேளைக்கும் இடம் குறித்து வைத்திருக்க வேண்டும்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. ஜப்பானியக் கறிக் கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ சாறோ இருப்பது சாதாரணம். காய்கறிக் கறி என்று பலகையில் இருந்தாலும் குழம்பு அதே குழம்பாக இருக்கலாம். கோகோ இச்சிபான்யா கடைகள் பலவற்றில் இறைச்சிப்பொருள் சேராத குழம்பு தனியாக உண்டு, பட்டியலில் அதைக் கேட்டு வாங்க வேண்டும். ராமென் நூடுல்ஸின் சாறு பெரும்பாலும் பன்றி அல்லது கோழி எலும்பு. டோக்கியோ நிலையத்தின் ஜேஆர் வாயிலுக்கு உள்ளே இருக்கும் டீஸ் தன்தன் முழுச் சைவ ராமென் கடை. கனசாவா ரயில் ஏறும் நாளில் சரியாகப் பொருந்தும்.

மசாலா வாசம் தேடுகிறவர்களுக்கு: டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் நிறைய. தென்னிந்திய உணவகங்களும் நகரில் பல இருக்கின்றன. ஷின்ஜுகுவின் நகமுராயா உணவகத்தில், இந்தியாவிலிருந்து தப்பிவந்து அங்கே தஞ்சமடைந்த புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸ் வழியே வந்த கோழிக்கறி 1927 முதல் பரிமாறப்படுகிறது.

எல்லோருக்கும் பொதுவான சில நடைமுறைகள். மதிய உணவு 11.30க்குத் தொடங்கி 2 மணியோடு ஓயும், மாலை 5 வரை கடை மூடியிருக்கும். 11.20க்கே வாசலில் நின்றால் வரிசையின் முதல் சுற்றில் உட்கார்ந்துவிடலாம். ராமென் கடைகளில் வாசலில் இருக்கும் இயந்திரத்தில் முதலில் சீட்டு வாங்க வேண்டும். பழைய இயந்திரங்கள் 2024 ஜூலையில் வந்த புது நோட்டுகளை ஏற்காமல் துப்பும். சில்லறை நாணயமும் சில பழைய 1,000 யென் தாளும் கையில் இருக்கட்டும். இசக்காயா எனும் மது பரிமாறும் உணவகத்தில் உட்கார்ந்தவுடன் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும். அது இலவசம் அல்ல, ஆளுக்கு 300 முதல் 500 யென் இருக்கைக் கட்டணம். டிப்ஸ் கிடையாது, கொடுத்தால் துரத்தி வந்து திருப்பிக் கொடுப்பார்கள். பணத்துக்குச் செவன்-இலெவன் ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டை எடுக்கும். யென்னுக்கு 60 காசு என்று கணக்குப் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் கையைக் கடிக்காது.

டோக்கியோ, 4 இரவு

மீன் மொத்தச் சந்தை 2018 அக்டோபரில் சுகிஜியிலிருந்து தோயோசுவுக்குப் போய்விட்டது. சுகிஜியில் எஞ்சியிருப்பது வெளிச்சந்தை. பயணிகளுக்கு அதுதான் வேண்டும். வியாழன் அல்லது வெள்ளி காலை எட்டரைக்குள் போங்கள். ஞாயிறும் சில புதன்களும் பல கடைகள் விடுமுறை. அங்கிருந்து கின்சாவின் கபுகிசா அரங்குக்கு நடந்தே போகலாம். முழு நாடகமும் பல மணி நேரம் ஓடுவதால் ஓர் அங்கத்துக்கு மட்டும் விற்கும் மலிவுச் சீட்டு முதல் தடவைக்குப் போதும்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அசகுசாவின் சென்சோ-ஜி. கடைத்தெரு விழிப்பதற்குள் கோயில் உங்களுக்கே. பத்து நிமிட நடையில் கப்பாபாஷி, சமையல் பாத்திரத் தெரு. கத்தி வாங்குகிறவர்கள் இங்கே வாங்கலாம். கட்டிக் கொடுத்ததை ஊர் சேரும்வரை பிரிக்க வேண்டாம், தெருவில் கத்தி எடுத்துப்போவது அங்கே சட்டச் சிக்கல். பிற்பகல் உவேனோவின் டோக்கியோ தேசிய அருங்காட்சியகம். இரவு சுகிஷிமாவில் மொஞ்சாயாக்கி, சூட்டுக்கல்லில் சுடும் இளகிய மாவு. பார்க்கக் கூழ் சிந்தியதுபோல இருக்கும், சின்னக் கரண்டியால் கல்லில் அழுத்திக் கருகவைத்துச் சுரண்டிச் சாப்பிட வேண்டும்.

பெரிய கடைகளின் அடித்தள உணவுக்கூடங்களை மாலை ஏழுக்குமேல் பாருங்கள். சூஷி, பெட்டிச் சாப்பாட்டின்மேல் தள்ளுபடி ஒட்டுவார்கள். ஷிபுயாவின் சாலைச் சந்திப்பைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

கனசாவா, 2 இரவு

'சாப்பாட்டுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே' என்பது அந்த ஊர்ப் பழமொழி. குடை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் தங்கத் தாளில் ஏறக்குறைய முழுவதும் இந்த ஊரில்தான் அடிக்கப்படுகிறது. ஹிகாஷி ச்சாயா தெருவில் ஐஸ்கிரீமின்மேல்கூட ஒரு தாள் ஒட்டித் தருவார்கள். அதில் ருசி ஏதும் இல்லை, படத்துக்குத்தான். கென்ரோக்குயென் தோட்டத்தைத் திங்கள் அதிகாலையிலேயே முடித்துவிட்டு ஓமிச்சோ சந்தைக்குப் போனால் மீன் சோற்றுக் கிண்ணம் 2,500 முதல் 4,000 யென். வாத்தும் கோதுமைப் பசைக் கட்டியும் சேர்ந்த ஜிபுனி இங்கத்திய தனிச்சுவை. கண்டிப்பான சைவர்களுக்கு இந்தப் பாதையில் மிகக் கடினமான ஊர் இதுதான். அவர்கள் கனசாவாவை ஓர் இரவாகக் குறைத்துக் கோயாசானை இரண்டாக்கலாம்.

கியோட்டோ, 3 இரவு

கியோட்டோவில் நேரம்தான் எல்லாம். கியோமிசு-தெரா கோயில் காலை 6 மணிக்குத் திறக்கிறது, ஒன்பதுக்குமேல் அந்த ஏற்றத்தில் நடப்பது தேர்த் திருவிழா. பகல் நேரப் பேருந்துகள் நிரம்பி வழியும். பழைய பேருந்து நாள்சீட்டு இப்போது இல்லை, சுரங்க ரயிலும் பேருந்தும் சேர்ந்த 1,100 யென் சீட்டுதான். முடிந்தவரை ரயிலில் போய் மீதியை நடங்கள்.

ஒரு நாளை முழுதும் ஜேஆர் நாரா தடத்தில் வைப்பது எங்களுக்குப் பிடித்த உத்தி. காலை 6.30க்கு கியோட்டோ நிலையத்தில் ஏறி இரண்டாவது நிறுத்தம் இனாரி. எல்லா நிறுத்தத்திலும் நிற்கும் ரயிலில்தான் ஏற வேண்டும், மியகோஜி விரைவு ரயில் இனாரியில் நிற்காது. ஃபுஷிமி இனாரி கோயில் 24 மணி நேரமும் திறந்தது, கட்டணம் இல்லை. சிவப்புத் தோரணங்கள் வழியே 233 மீட்டர் மலையைச் சுற்றி வர இரண்டு, இரண்டரை மணி நேரம். அங்கிருந்து அதே தடத்தில் உஜி. அங்கே பியோதோ-இன் கோயிலில் 1053இல் கட்டிய ஃபீனிக்ஸ் மண்டபம் 10 யென் நாணயத்தில் இருப்பது. உள்ளே போக நேரச்சீட்டு தனி, வந்ததும் முதலில் அதை வாங்கிவிட்டு மட்ச்சாவுக்குப் போங்கள். உஜியில் விரைவு ரயில் நிற்கும், அதில் நாரா. அங்கே தோதாய்-ஜி கோயிலின் 15 மீட்டர் புத்தருக்கு 752இல் கண் திறக்கும் சடங்கைச் செய்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்றே ஜப்பானியக் குறிப்புகள் சொல்கின்றன. மாலை, பூங்காவில் திரியும் மான்களுக்கு 200 யென் பிஸ்கட். கையில் வைத்துக்கொண்டு போக்குக் காட்டினால் கடிக்கும்.

இன்னொரு நாள் அரஷியாமா. மூங்கில் தோப்பு எட்டு மணிக்குள். பிறகு தென்ரியூ-ஜி தோட்டம், அதன் உள்ளேயே ஷிகெட்சு உணவகத்தில் மதியம் ஷோஜின் ரியோரி எனும் மடத்துச் சைவ விருந்து. முன்பதிவு வேண்டும், தோட்டக் கட்டணம் தனி. இங்கே தாஷி கொம்புவிலும் காய்ந்த ஷீட்டாக்கே காளானிலும் எடுத்தது. மரபுப்படி வெங்காயமும் பூண்டும்கூடச் சேராது. சைவர்கள் அட்டை காட்டாமல் சாப்பிடக்கூடிய இடம். நான்சென்-ஜி கோயில் பக்கம் கிடைக்கும் யூதோஃபு எனும் வெந்நீர் டோஃபு அப்படியல்ல: டோஃபு வேகும் நீர் கொம்புவாக இருந்தாலும் தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன் இருக்கும். வெறும் சோயா சாஸ் கேட்டு வாங்குங்கள்.

நிஷிக்கி சந்தையில் வாங்கியதை வாங்கிய கடை முன்னேயே நின்று தின்றுவிடுங்கள், நடந்துகொண்டே தின்பதை அங்கே விரும்புவதில்லை. கியோன் பகுதியின் தனியார் சந்துகளுக்குள் நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை இருக்கும், கெய்ஷா எனும் மரபுக் கலைஞர்களைத் துரத்திப் படமெடுத்தவர்களின் புண்ணியம்.

கோயாசான், 1 இரவு

துறவி கூக்காய் 816இல் தொடங்கிய மடாலயப் பெருவூர், சுமார் 800 மீட்டர் உயரத்தில். ஏறக்குறைய ஐம்பது மடங்கள் பயணிகளுக்கு அறை தருகின்றன. கியோட்டோவிலிருந்து ஒசாகா வந்து, நம்பாவில் நன்காய் ரயிலில் கொக்குராகுபாஷி, அங்கிருந்து மலையேறும் கேபிள் ரயில், பிறகு பேருந்து. மொத்தம் மூன்று மணி நேரம். கேபிள் நிலையத்திலிருந்து ஊருக்குள் நடக்க அனுமதி இல்லை, பேருந்தில்தான் போக வேண்டும். காலை பத்துக்குக் கிளம்புங்கள். மடத்தில் மாலை 5 மணிக்குள் நுழைந்தாக வேண்டும், ஐந்தரைக்கெல்லாம் இரவு உணவு. தாமதமாகப் போனால் சாப்பாடு இல்லை. கடைகளும் அதற்குள் மூடிவிடும்.

எள் டோஃபு, உறையவைத்து உலர்த்திய கோயா டோஃபு, காய்கறி தெம்புரா, ஊறுகாய், சோறு. இரவு, காலை இரண்டு வேளையும் அறை வாடகையில் அடங்கும், ஆளுக்கு 15,000 யென்னிலிருந்து. ஒவ்வாமை இருந்தால் பதியும்போதே எழுதுங்கள். அன்று சொன்னால் மாற்ற இயலாது. குளியல் பொது, தொட்டிக்குள் இறங்கும் முன் உட்கார்ந்து சோப்பு போட்டு முழுக்கக் கழுவிவிட வேண்டும், உள்ளே துணி கூடாது. காலை ஆறு மணிக்கு வழிபாடு. சில மடங்களில் தீ வளர்க்கும் சடங்கும் உண்டு, ஹோமம் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. பின்னர் ஒக்குனோயின்: இரண்டு கிலோமீட்டர் தேவதாரு மரங்களினூடே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சமாதிகள். முடிவில் கூக்காய் இன்னும் தியானத்தில் இருப்பதாக நம்புகிறார்கள். காலை 6 மணிக்கும் 10.30க்கும் துறவிகள் அவருக்கு உணவு சுமந்து போவதைப் பார்க்கலாம்.

ஒசாகா, 2 இரவு

தோதோன்போரி விளக்குகளைப் பாருங்கள், ஆனால் அங்கேயே சாப்பிட வேண்டும் என்றில்லை. குரோமோன் சந்தையும் இப்போது பயணிகளுக்கான விலைதான். ஷின்சேக்காய் பகுதியில் குச்சியில் குத்திப் பொரித்த குஷிகட்சு: பொதுச் சாஸ் கிண்ணத்தில் ஒருமுறைதான் தோய்க்கலாம், கடித்ததை மறுபடி தோய்த்தால் கடைக்காரர் கத்துவார். எல்லாம் ஒரே எண்ணெயில் பொரிவதால் சைவர்களுக்கு ஆகாது.

ஹிரோஷிமாவையும் மியாஜிமாவையும் சேர்க்க விரும்பினால் ஞாயிறு ஒரு நாள் போய்வரலாம். ஷின்-ஒசாகாவிலிருந்து போய்வரவே சுமார் 21,000 யென்; 5 நாள் கான்சாய்–ஹிரோஷிமா பாஸ் 17,000 யென், மியாஜிமா ஜேஆர் படகும் அதில் அடக்கம். ஒரே நாளில் காசு திரும்பிவிடும். ஹிரோஷிமாவின் ஒக்கோனோமியாக்கி மாவைக் கலக்காமல் அடுக்கடுக்காக, நூடுல்ஸ் சேர்த்துச் சுடுவது. ஒசாகாவில் முதல்நாள் சாப்பிட்டுவிட்டுப் போனால் வித்தியாசம் நாக்கிலேயே தெரியும்.

திங்களன்று நம்பாவிலிருந்து நன்காய் சாதாரண விரைவு ரயிலே போதும், முக்கால் மணி நேரம், 970 யென். கத்தி சரக்குப் பெட்டியில் போக வேண்டும். மிசோவும் அப்படியே: பாதுகாப்புச் சோதனையில் அது திரவக் கணக்கு, கைப்பையில் வைத்தால் பறித்துவிடுவார்கள். 2026 நவம்பர் 1 முதல் வரிவிலக்கு முறையும் மாறுகிறது. கடையில் வரியோடு கட்டிவிட்டு, விமான நிலையச் சுங்கத்தில் பொருளைக் காட்டியபின்தான் பணம் திரும்பும். அதன்பின் பயணிப்பவர்கள் கத்தியும் மிசோவும் உள்ள பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே சுங்கத்துக்குப் போய்விட வேண்டும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போனால் இதற்கெல்லாம் நேரம் இருக்கும்.